குழிப்பந்தாட்டத்தில் குறுங்குழிகள்

கோல்ஃப் எனப்படும் குழிப்பந்தாட்டத்தில், தேர்ந்த ஆட்டக்காரர் மூன்று அடிகளில் முடிக்க வேண்டிய குழி ‘பார்-3’ எனப்படும். முதல் அடியில் பந்து குழியைச் சுற்றியுள்ள புல்தரையை அடைய வேண்டும். அங்கிருந்து குழிக்குள் உருட்ட இரண்டு அடிகள். 18 குழிகள் கொண்ட திடலில் இவ்வகைக் குழிகள் பெரும்பாலும் நான்கு இருக்கும். திடல் வடிவமைப்பின் வரலாற்றில் இவற்றுக்குத் தனி இடம் உண்டு.

தோற்பந்து முதல் ரப்பர் பந்து வரை

ஸ்காட்லாந்தில் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை தோற்பந்தே புழங்கியது. படிகார நீரில் ஊறிய தோலைத் தைத்து, அதனுள் அவித்த இறகுகளைத் திணித்தனர். ஆவாரம்பட்டையால் தோல் பதனிட்டுப் பெயர்பெற்ற வேலூர், ஆம்பூர் வட்டாரத்தாருக்கு இவ்வேலையின் அருமை எளிதில் விளங்கும். ஒருவர் ஒரு நாளில் சில பந்துகளையே செய்ய முடிந்ததால் விலை அதிகம். நனைந்தால் பந்து கெட்டுவிடும்.

1848 அளவில் மலாய் நாட்டு மரப்பாலான கட்டாபெர்ச்சாவில் செய்த மலிவான பந்து வந்தது. 1890களின் இறுதியில் ரப்பர் நூல் சுற்றிய ஹாஸ்கெல் பந்து வந்தது. இது முன்னையவற்றைவிட வெகுதொலைவு பறந்ததால், நீண்ட குழிகளில் இடையே இருந்த மணற்பள்ளங்கள் தாண்டப்பட்டன. திடல்களை நீட்ட வேண்டியதாயிற்று. குறுங்குழிகளுக்கு இந்தப் பாதிப்பு குறைவு. அங்கே வலிமையைவிடத் துல்லியமே தேவை.

புகழ்பெற்ற குழிகள்

நார்த் பெரிக் திடலின் 15ஆம் குழி ‘ரெடான்’. கோட்டையிலிருந்து ‘வி’ வடிவில் முன்துருத்தும் காப்பரணுக்கு ரெடான் என்று பெயர். கிரிமியப் போரில் 1855இல் செவஸ்தபோலில் பிரித்தானியப் படை தாக்கிய அரணால் அச்சொல் பரவியது. இக்குழியின் புல்தரை குறுக்காக அமைந்து, ஆட்டக்காரருக்கு எதிர்த்திசையில் சரிகிறது. முன்னே ஆழமான மணற்பள்ளம் காவல் நிற்கிறது. சார்லஸ் பிளேர் மெக்டொனால்டு அமெரிக்காவில் 1911இல் முறைப்படி திறக்கப்பட்ட தம் நேஷனல் கோல்ஃப் லிங்க்ஸ் திடலில் இந்த அமைப்பைப் பின்பற்றினார். அதன்பின் அது பல நாடுகளுக்கும் பரவியது.

ராயல் ட்ரூன் திடலின் 8ஆம் குழி ‘அஞ்சல் தலை’. நீளம் 123 கெசம் மட்டுமே. புல்தரையின் சிறுமையே இப்பெயருக்குக் காரணம். 1950 ஓப்பன் போட்டியில் ஜெர்மானியர் ஹெர்மன் டிஸ்ஸீஸ் இங்கு 15 அடிகள் எடுத்தார். 1973இல் 71 வயதான ஜீன் சாரசன் ஒரே அடியில் பந்தைக் குழியில் சேர்த்தார். இளையவரின் தோள்வலி இங்கே தனி உதவி ஆகாது என்பதற்கு இவ்விரு நிகழ்வுகளும் சான்று.

இன்றைய பொருத்தம்

பந்து பறக்கும் தொலைவைக் கட்டுப்படுத்த, சோதனை விதிகளைத் திருத்துவதாக ஆட்டத்தின் விதிகளை வகுக்கும் இரு அமைப்புகளும் 2023இல் அறிவித்தன. திடல் நீண்டால் நிலமும் நீரும் கூடுதலாகச் செலவாகும் என்பது இதன் பின்னணியில் உள்ள கவலைகளுள் ஒன்று. கொல்கத்தாவில் 1829 முதலே ஆடப்படும் இவ்வாட்டம் தமிழகத்தில் உதகை, கொடைக்கானல், சென்னை கிண்டி போன்ற சில இடங்களில் வேரூன்றியது. பாலாற்றுப் படுகை போன்ற நீர் அரிதான பகுதியில் புதிய திடல் அமைக்க எண்ணுவோர், குறுங்குழிகள் மட்டுமே கொண்ட சிறு திடலை முதலில் கருதலாம். நல்ல குழிக்கு நீளம் தேவையில்லை என்பதை ட்ரூனின் 123 கெசம் நூறாண்டுக்கும் மேலாகக் காட்டிவருகிறது.