தாய்-சேய் எச்.ஐ.வி. தொற்று (தேனி, கம்பம் பள்ளத்தாக்கு)

எச்.ஐ.வி. கிருமி கருவிலோ பிரசவத்திலோ தாய்ப்பாலிலோ தாயிடமிருந்து குழந்தைக்குப் பரவுவது தாய்-சேய் தொற்று எனப்படும். மருந்து எடுக்காத தாய்மாரின் குழந்தைகளில் 15 முதல் 45 விழுக்காட்டினர் வரை இதற்கு ஆளாவர். அத்தாய்மாருக்குக் குறைமாதப் பிரசவமும் எடை குறைந்த குழந்தைகளும் மிகுதி.

வரலாறு: இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதலில் 1986இல் சென்னையில் கண்டறியப்பட்டது. மருத்துவர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் மாணவி செல்லப்பன் நிர்மலா திரட்டிய இரத்த மாதிரிகள் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டன. அப்போது குழந்தையைக் காக்க மருந்தேதும் இல்லை. 1994இல் அமெரிக்க, பிரெஞ்சு மருத்துவர்கள் கர்ப்பிணிகளுக்கு ஜிடோவுடின் என்னும் மருந்து கொடுத்துத் தொற்றை 25.5 விழுக்காட்டிலிருந்து 8.3ஆகக் குறைத்தனர். அதன் விலையோ ஏழை நாடுகளுக்கு எட்டாததாயிருந்தது. 1999இல் உகாண்டா ஆய்வு எளிய வழி காட்டியது: வலி கண்டதும் தாய்க்கு ஒரு நெவிரப்பின் மாத்திரை, மூன்று நாளுக்குள் குழந்தைக்கு ஒரு வேளை மருந்து. தொற்று ஏறத்தாழ பாதியானது. இந்தியாவும் இம்முறையையே எடுத்துக்கொண்டது.

அம்முறைக்கு நேரம் முக்கியமாக இருந்தது. எடுத்துக்காட்டாக, தேனி மாவட்டத்தின் மேகமலைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து சின்னமனூருக்கு இறங்க 18 கொண்டை ஊசி வளைவுகள். வலி எடுத்தபின் புறப்படும் பெண்ணுக்கு மாத்திரை வேளைக்குக் கிடைப்பது அரிதாயிருந்தது. ஒற்றை வேளை மருந்தால் கிருமி அம்மருந்துக்குப் பழகிவிடுவதும் பின்னர் தெரிந்தது. 2014 முதல் தொற்றுள்ள கர்ப்பிணி அனைவருக்கும் வாழ்நாள் முழுக்கக் கூட்டு மருந்து என்றானது.

பாலூட்டல்: புட்டிப்பாலா தாய்ப்பாலா என்று நெடுங்காலம் வாதிட்டனர். தாய் மருந்து தவறாதவரை தாய்ப்பாலே சரி. ஆனால் முதல் ஆறு மாதம் அது மட்டுமே கொடுக்க வேண்டும். இரண்டையும் கலந்து ஊட்டுவதே கூடுதல் ஆபத்து என்று 1999இல் டர்பன் ஆய்வு காட்டியது. தென்மாவட்டங்களில் பிறந்த குழந்தையின் நாவில் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ தொட்டுவைக்கும் ‘சேனை’ வழக்கத்தையும் மருத்துவர்கள் இதனாலும் தடுக்கின்றனர்.

குழந்தைக்குச் சோதனை: தாயின் எதிர்ப்பொருள் 18 மாதம் வரை குழந்தையின் இரத்தத்தில் தங்கலாம் என்பதால் வழக்கமான சோதனை ஏமாற்றும். ஆறாம் வாரத்தில் குதிகாலில் குத்தி எடுத்த இரத்தத்துளியை உலர்த்தி, கிருமியின் மரபுப்பொருளைத் தேடுவர்.

இன்றைய நிலை: அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களில் (எச்.ஐ.வி. ஆலோசனை, சோதனை மையங்கள்) கர்ப்பிணிகளுக்குச் சோதனை இலவசம்; தொற்றுள்ளோருக்கு அரசு தரும் கூட்டு மருந்தும் இலவசம்.