கடற்கரையில் தொடங்கிய சிரிப்பு

கண்ணீர்ப் படத்துக்கும் சிரிப்புப் படத்துக்கும் உள்ள வேறுபாடு கதையில் மட்டுமன்று, ஒளியிலும் உண்டு. இயக்குநர் ஸ்ரீதரும் ஒளிப்பதிவாளர் ஏ. வின்சென்ட்டும் சேர்ந்து உருவாக்கிய இரு படங்களை ஒப்பிட்டால் இது விளங்கும். 1962-இல் வந்த ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ கறுப்பு வெள்ளைப் படம். அதன் பெரும்பகுதி ஒரு மருத்துவமனை அரங்குக்குள்ளேயே நடக்கிறது. 1964-இல் வந்த ‘காதலிக்க நேரமில்லை’ வண்ணப் படம். தொடக்கத்திலேயே சென்னை மெரினா கடற்கரை. முத்துராமனும் காஞ்சனாவும் பாட்டுப் பாடுகிறார்கள். யார் வீட்டுப் பிள்ளைகள், காதலுக்குத் தடை என்ன என்பதெல்லாம் பிறகுதான். ‘இது அழவைக்கும் படமன்று’ என்ற செய்தி மட்டும் உடனே வந்து சேர்ந்துவிடுகிறது.

இதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன், 1934-இல், அமெரிக்க இயக்குநர் பிராங்க் காப்ரா தம் காதல் நகைச்சுவைப் படத்தின் தொடக்கத்தில் கதாநாயகியைப் படகிலிருந்து கடலில் குதிக்கவைத்தார். அங்கே பேச்சும் சண்டையும், நமக்குப் பாட்டு. இந்தப் பாட்டை வெறும் ஒட்டுவேலை என்று சிலர் பழிப்பார்கள். ஒரு பௌதிக ஆசிரியனுக்கு அப்படித் தோன்றவில்லை.

கடற்கரையில் வசனத்தைப் பதிவு செய்து பாருங்கள்! காற்றும் அலையும் சொற்களை விழுங்கிவிடும். பாட்டோ முன்பே ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவாகிவிடுகிறது. படப்பிடிப்பில் ஒலிபெருக்கி பாட, நடிகர் வாயசைத்தால் போதும். காமிராவின் இரைச்சலைப் பற்றியும் கவலை இல்லை. பாட்டுத்தான் காமிராவை வெளியே வர விட்டது எனலாம்.

இனி வண்ணம். பழைய டெக்னிகலர் முறையில் ஒரு பட்டகம் ஒளியைப் பிரிக்க, கனத்த காமிராவுக்குள் மூன்று படச்சுருள்கள் ஓடும். 1950-இல் வெளிவந்த ஈஸ்ட்மன் கலர் நெகடிவில் மூன்று பூச்சுகளும் ஒரே சுருளில் அடுக்கடுக்காக அமைந்தன. சாதாரணக் காமிராவே போதுமானதாயிற்று. ஆனால் அன்றைய சுருளின் வேகம் சுமார் 50 ஏ.எஸ்.ஏ. மட்டுமே. அரங்கில் அதற்கு ஏராளமான விளக்குகள் வேண்டும். மெரினாவில் சூரியன் இலவசம்! சுருள் டங்ஸ்டன் விளக்குக்கு, அதாவது 3200 கெல்வினுக்கு, ஏற்றதாகையால், வெயிலில் ஆரஞ்சு நிற வடிகட்டியை மாட்டவேண்டும். முகத்து நிழலைப் போக்க வெள்ளித்தாள் ஒட்டிய பலகைகள் உண்டு. தமிழில் அதுவரை வண்ணம் பெரும்பாலும் அரசர் கதைகளுக்கும் மாயாஜாலத்துக்கும் உரியதாயிருந்தது. 1956-இல் வந்த ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ ஓர் எடுத்துக்காட்டு. சேலையும் சட்டையும் அணிந்த சமகால மனிதர்களுக்கு அது கிடைத்தது புதுமை.

கூடுவாஞ்சேரியில் என் மாணவர்கள் இப்படத்தைக் கைபேசியில் பார்த்துவிட்டு, “பழைய படம் ஏன் சார் சிவந்துபோகிறது?” என்று கேட்கிறார்கள். விடை சாயத்தில் இருக்கிறது. பிரதியில் மயில்நீலம், மெஜந்தா, மஞ்சள் என மூன்று சாயங்கள் உள்ளன. கடலின் நீலம் மயில்நீலமும் மெஜந்தாவும் சேர்ந்து உண்டாவது. அக்காலத்து ஈஸ்ட்மன் பிரதிகளைப் பெட்டியில் இருட்டில் வைத்தாலும், வெப்பத்தாலும் ஈரத்தாலும் முதலில் மங்குவது பெரும்பாலும் மயில்நீலமே. எஞ்சுவது இளஞ்சிவப்பு. எந்த வானத்துக்காகவும் கடலுக்காகவும் காமிரா வெளியே வந்ததோ, அவையே முதலில் மறைகின்றன.

குளிரூட்டிய அறையில் வைத்தால் இந்த மங்கல் வெகுவாகத் தாமதப்படும். கறுப்பு வெள்ளைப் படத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. ‘நெஞ்சில் ஓர் ஆலய’த்தின் மருத்துவமனைச் சுவர்களைத் தீட்டியது சாயமன்று, வெள்ளித் துகள்.