வடலூர்ச் சூரணம் முதல் செம்பருத்தித் தேநீர் வரை

கடலூரின் பழைய பகுதியான திருப்பாதிரிப்புலியூர் பாதிரி மரத்தால் பெயர் பெற்றது. சிதம்பரம் தில்லை மரத்தால் தில்லையானது. அம்மரத்தைப் பிச்சாவரத்துச் சதுப்புக் காட்டில் இன்றும் காணலாம். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிச் செல்லும் பூக்களில் இவை இரண்டும் உண்டு. இன்று இவ்விரு ஊர்களிலும் கிணற்றடியிலும் வேலியோரத்திலும் எளிதாகக் கண்ணில் படும் செம்பருத்தியின் பெயர் அந்த வரிசையில் இல்லை. நெடுங்காலம் நம்முடையது என்று நாம் நினைக்கும் இந்தப் பூ எப்போது எப்படி நம் வீட்டுக் குவளைக்குள் வந்தது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

பெயரிலிருந்து தொடங்கலாம். செம்பருத்தி என்ற சொல்லுக்குள் பருத்தி இருக்கிறது. பருத்தியும் செம்பருத்தியும் ஒரே குடும்பத்துச் செடிகள் என்று தாவரவியல் பின்னாளில் வகுத்ததைப் பெயர் வைத்தவர்கள் பூவின் அமைப்பைப் பார்த்தே கண்டுகொண்டார்கள். ஆனால் இதில் ஒரு சிக்கலும் உண்டு. சிவப்புப் பூப் பூக்கும் பருத்தி இனத்தையும் தமிழில் செம்பருத்தி என்பார்கள். நாம் பேசும் பூவுக்குச் செம்பரத்தை என்ற பெயரும் வழங்குகிறது. யாழ்ப்பாணத்தில் அது செவ்வரத்தை. பழைய மருத்துவக் குறிப்பில் செம்பருத்தி என்று வந்தால் அது எந்தச் செடி என்று பார்க்காமல் பொருள் கொள்ளக் கூடாது. இதே குழப்பம் வேறு வடிவில் தேநீரிலும் வருவதைப் பின்னர் காண்போம்.

கொச்சியில் டச்சு அதிகாரியாக இருந்த வான் ரீடு தொகுத்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' நூலின் இரண்டாம் தொகுதி 1679-இல் வந்தது. அதில் இச்செடி 'செம்பரிதி' என்ற மலையாள வழக்கை ஒட்டிய பெயரோடு இடம் பெற்றது. 1753-இல் லின்னேயஸ் இதைச் சீனத்து ரோஜா என்று பொருள்படும்படி ஹைபிஸ்கஸ் ரோசா-சினென்சிஸ் எனப் பெயரிட்டார். இது விதையால் பரவிய செடியன்று. குச்சியை ஒடித்து நட்டால் துளிர்க்கும். ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு, ஒரு துறைமுகத்திலிருந்து மறு துறைமுகத்துக்கு அப்படித்தான் போயிருக்கிறது. அத்தகைய துறைமுகங்களில் ஒன்றான, சிதம்பரத்தை அடுத்த பரங்கிப்பேட்டையை ஐரோப்பியர் போர்ட்டோ நோவோ என்றார்கள். காலணியைக் குறிக்கும் போர்த்துக்கீசியரின் 'சபாத்து' தமிழில் சப்பாத்து ஆனது. செம்பருத்தி இதழைத் தோல் செருப்பில் தேய்த்துக் கறுப்பேற்றும் பழக்கத்தால் செடிக்கும் சப்பாத்துச் செடி என்று பெயர் விழுந்தது.

ஆக அம்மனுக்கு மாலை, காலணிக்கு மெருகு, தலைக்கு எண்ணெய் என இதன் பயன்கள் பெரும்பாலும் உடலுக்கு வெளியிலேயே இருந்தன. பாட்டிமார் பூவை எண்ணெயில் காய்ச்சினார்கள். இலையை அரைத்துச் சீயக்காய் போலத் தேய்த்துக் குளிக்கச் செய்தார்கள். முடி வளர்ச்சி குறித்து 2003-இல் வெளியான ஓர் இந்திய ஆய்வு, பூச்சாற்றைவிட இலைச்சாறே கூடுதல் பலன் தந்ததாகச் சொல்கிறது. வீட்டு வழக்கத்தை மதிக்க இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை. சித்த மருத்துவம் இப்பூவை உள்மருந்தாகவும் பயன்படுத்தியது. ஆனால் அது நோயாளிக்கு வைத்தியர் தந்த மருந்து. வீட்டில் அன்றாடம் பருகும் பானமாக இருந்ததில்லை.

அன்றாடம் பருகும் மூலிகைப் பானம் கடலூர் மாவட்டத்தில் வேறொரு வழியில் வந்தது. சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823-இல் பிறந்த இராமலிங்க அடிகள், 1867 மே 23 அன்று வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். பசித்தவருக்குச் சோறிட அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. அந்தச் சோற்றைப் பற்றிப் பேசும் அளவுக்கு அவர் எழுதிய மூலிகை குண அட்டவணையைப் பற்றி நாம் பேசுவதில்லை. நாள்தோறும் கடைப்பிடிக்க அவர் வகுத்த நித்திய கரும விதியில் காலைப் பானம் ஒன்று உண்டு. பொற்றலைக் கையாந்தகரை, தூதுவளை, முசுமுசுக்கை ஆகியவற்றின் இலைகளோடு சீரகம் சேர்த்த சூரணத்தைத் தண்ணீரில் இட்டு, பசும்பால் விட்டுச் சுண்டக் காய்ச்சி, நாட்டுச் சர்க்கரை கலந்து பருகச் சொல்கிறார்.

இந்தச் செய்முறையைக் கூர்ந்து பாருங்கள். தண்ணீர், இலைத்தூள், பால், சர்க்கரை, கொதி. தேநீர்க் கடையின் செய்முறைக்கும் இதற்கும் இலை ஒன்றே வேறுபாடு. காப்பி தமிழ் வாழ்வில் நுழைந்த வரலாற்றை ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' நூலில் எழுதியிருக்கிறார். காப்பி நடுத்தர வர்க்கத்தின் அடையாளமாகவும், தேநீர் உழைப்பாளிகளின் பானமாகவும் வேரூன்றிய பின், வடலூர்ச் சூரணம் அடிகளின் வழி நடக்கும் சன்மார்க்க அன்பர்களின் வீடுகளுக்குள் ஒடுங்கியது. சர்க்கரை நோய் பெருகிய காலத்தில் ஆவாரம்பூக் குடிநீர் பரவலாகத் திரும்பி வந்தது. செம்பருத்தித் தேநீர் அந்தப் பாதையில் கடைசியாக வந்த பூ. பழகிய பாத்திரத்தில் இடப்பட்ட புதிய சரக்கு என்றே இதைக் கொள்ள வேண்டும்.

அதற்கான தூண்டுதல் உள்ளூரிலிருந்து வரவில்லை. எகிப்திலும் சூடானிலும் கர்கதே, செனகலில் பிஸ்ஸாப், மெக்சிகோவில் ஹமைக்கா என்று அழைக்கப்படும் செந்நிறப் பானம் பல தலைமுறை பழையது. அமெரிக்காவில் செலஸ்டியல் சீசனிங்ஸ் நிறுவனம் 1972-இல் ரெட் ஜிங்கர் என்ற பெயரில் அதைப் பைத் தேநீராக்கியது. உலகச் சந்தை இதை ஹைபிஸ்கஸ் டீ என்றது. அகராதி ஹைபிஸ்கஸை நமக்குச் செம்பருத்தி என்று தந்தது. இங்கேதான் பிழை நேர்ந்தது. ஹைபிஸ்கஸ் என்பது இருநூறுக்கும் மேற்பட்ட இனங்களைக் கொண்ட பேரினம். அந்தப் பானத்துக்குரியது ஹைபிஸ்கஸ் சப்தாரிஃபா, அதாவது நம் புளிச்சகீரைச் செடி. பறிப்பது பூவிதழையும் அன்று. இதழ் உதிர்ந்த பின் காயைச் சுற்றித் தடித்துச் சிவக்கும் புல்லிவட்டத்தையே பறிக்கிறார்கள்.

இரத்த அழுத்தம் குறையும் என்று பொட்டலங்களில் அச்சிடப்படும் வாசகத்துக்கு ஆதாரம் உண்டு. ஆனால் அது புளிச்சகீரையின் ஆதாரம். அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், அழுத்தம் சற்றே உயர்ந்த 65 பேர் பங்கேற்றனர். நாளொன்றுக்கு 240 மில்லி வீதம் மூன்று குவளை, ஆறு வாரம் குடித்தவர்களுக்கு மேல் அழுத்தம் சராசரியாக 7.2 அலகு குறைந்தது. போலிப் பானம் குடித்தவர்களுக்கு 1.3 அலகு. ஐந்து ஆய்வுகளில் 390 பேரின் முடிவுகளைச் சேர்த்து 2015-இல் வந்த மதிப்பீடும் ஏறத்தாழ இதையே காட்டியது. நம் வேலியோரச் செம்பருத்திக்கு உள்ளவை பெரும்பாலும் எலிகளில் நடந்த சோதனைகள். இவ்வேறுபாட்டைச் சொல்லாமல் விற்பது வாங்குபவருக்குச் செய்யும் அநீதி.

இரண்டும் வேறு என்பதை நாக்கே சொல்லும். புளிச்சகீரைப் பானம் தன் அமிலத்தால் புளிக்கும், தானே சிவந்திருக்கும். செம்பருத்தியைக் கொதிநீரில் இட்டால் ஊதா கலந்த மங்கிய நீரே கிடைக்கும். புளிப்பு இல்லை, மெல்லிய வழவழப்பு உண்டு. எலுமிச்சைச் சாறு சில துளி விட்டதும் நீர் சட்டென்று செக்கச்செவேல் ஆகும். பள்ளிப் பிள்ளைகள் அமிலத்தையும் காரத்தையும் பிரித்தறிய இப்பூவைப் பயன்படுத்துவதும் இந்த நிறமியால்தான். ஒற்றை அடுக்குப் பூ ஐந்தாறு எடுத்து, காம்பும் மகரந்தத் தண்டும் நீக்கி, அடுப்பை அணைத்தபின் ஐந்து நிமிடம் ஊறவைத்து, பனங்கற்கண்டு சேர்த்துப் பருகினால் அது இதமான பானம். காலையில் பறித்த பூவின் நிறம் கண்ணெதிரே மாறுவதைப் பார்த்துக் குடிக்கும் இன்பத்துக்கு எந்த ஆய்வுச் சான்றும் தேவையில்லை.

எச்சரிக்கை தேவை. 1970-களில் இந்தியாவில் நடந்த எலிச் சோதனைகளில் இப்பூவின் சாறு கருத்தரிப்பைத் தடுத்தது. எனவே கருவுற்றவர்களும் கருவை எதிர்நோக்குபவர்களும் தவிர்ப்பது நல்லது. அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்க வேண்டும். செம்பருத்தியில் மாவுப்பூச்சி எளிதில் பற்றும்; மருந்து தெளித்த செடியின் பூவை, அது மாலைக்கு வந்ததாக இருந்தாலும், காய்ச்சக் கூடாது.

சிதம்பரம் அண்ணாமலை நகரில் 1929-இல் தோன்றிய பல்கலைக்கழகத்தில் வேளாண் புலம் இருக்கிறது, மருந்தியல் துறை இருக்கிறது; பக்கத்திலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. செடியை வளர்க்கவும் சாற்றைப் பகுக்கவும் மனிதரிடம் சோதிக்கவும் வேண்டிய மூன்றும் நடந்து போகும் தூரத்தில் உள்ளன. புளிச்சகீரைக்கு 65 பேரும் ஆறு வாரமும் போதுமானதாக இருந்தன. அந்த அளவு ஆய்வொன்றைச் செம்பருத்திக்கும் அங்குள்ளவர்கள் செய்ய வேண்டும். அதுவரை, பொட்டலத்தை வாங்கும்போது உள்ளே இருப்பது செம்பருத்தி இதழா, புளிச்சகீரைப் புல்லியா என்று கடைக்காரரிடம் கேளுங்கள்.