நிகழ்பட ஆட்டங்களின் நட்சத்திர மதிப்பீடு

நிகழ்பட ஆட்டங்களின் நட்சத்திர மதிப்பீடு என்பது, ஓர் ஆட்டத்தை விளையாடியவர்கள் அதற்கு ஒன்று முதல் ஐந்து வரை இடும் நட்சத்திரங்களையும், அவற்றிலிருந்து கணக்கிடப்படும் சராசரியையும் குறிக்கும். இது ஆட்டத்தின் தரத்தை அளக்கும் எண்ணாகப் பொதுவாகக் கருதப்படுகிறது. ஆயினும் ஆட்டக்காரரின் எதிர்பார்ப்பு, அவரிடம் உள்ள கருவி, கருத்துச் சொல்ல முன்வருபவர் யார் என்பது, சில வேளைகளில் ஆட்டத்துக்குத் தொடர்பில்லாத எதிர்ப்பு ஆகியவையும் இந்த ஒரே எண்ணில் கலந்துள்ளன. விற்பனைத் தளங்களின் தேடலிலும் பரிந்துரையிலும் இவ்வெண் கணக்கில் கொள்ளப்படுவதால், சிறிய நிறுவனங்களின் வருவாயையும் இது பாதிக்கிறது.

வரலாறு

தரத்தை நட்சத்திரத்தால் குறிக்கும் வழக்கம் நிகழ்பட ஆட்டங்களுக்கு மிக முந்தையது. பிரான்சின் மிச்லின் வழிகாட்டி நூல் 1926 இல் உணவகங்களுக்கு நட்சத்திரம் வழங்கத் தொடங்கியது. 1928 இல் நியூயார்க் டெய்லி நியூஸ் நாளிதழ் திரைப்பட விமர்சனத்தில் நட்சத்திரங்களைப் பயன்படுத்தியது. இவை யாவும் விமர்சகர் வழங்கியவை. இணைய அங்காடிகளின் வருகைக்குப் பின்னரே வாங்கியவர் ஒவ்வொருவரும் நட்சத்திரம் இடும் நிலை ஏற்பட்டது.

எல்லாத் தளங்களும் ஒரே முறையைப் பின்பற்றுவதில்லை. கூகிள் பிளே, ஆப்பிளின் ஆப் ஸ்டோர் ஆகியவை ஐந்து நட்சத்திர முறையைக் கொண்டுள்ளன. மெட்டாகிரிட்டிக் தளத்தில் பயனர் பத்துக்கு மதிப்பெண் இடுகிறார். கணினி ஆட்டங்களை விற்கும் ஸ்டீம் தளத்தில் நட்சத்திரம் இல்லை. பரிந்துரைக்கிறேன், பரிந்துரைக்கவில்லை என்னும் இரண்டே தெரிவுகள் உள்ளன.

ஸ்டீம் தளத்தில் 90 விழுக்காடு என்றால் ஆட்டம் நூற்றுக்கு 90 மதிப்பெண் பெற்றது எனப் பொருள் அல்ல. பத்துப் பேரில் ஒன்பது பேர் அதனைப் பரிந்துரைத்தனர் என்பதே பொருள். அனைவருக்கும் ஓரளவு மட்டுமே பிடித்த ஆட்டமும் 100 விழுக்காடு பெறக்கூடும்.

அளவுகோலின் பொருள்

ஓர் எண்ணின் பொருள் அதைப் பயன்படுத்துவோரின் வழக்கத்தைச் சார்ந்தது. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் 35 மதிப்பெண் தேர்ச்சி. கல்லூரிகளில் 60 விழுக்காடு முதல் வகுப்பு. ஆனந்த விகடன் இதழ் திரைப்படங்களுக்கு நூற்றுக்கு மதிப்பெண் வழங்கிவந்த காலத்தில், 1977 இல் வெளியான 16 வயதினிலே பெற்ற 62.5 மிக உயர்ந்த மதிப்பெண்ணாகப் பேசப்பட்டது. அதே 62.5 விழுக்காடு ஐந்து நட்சத்திர முறையில் ஏறத்தாழ 3.1 ஆகும். செயலி அங்காடியில் 3.1 பெற்ற ஆட்டத்தைப் பலர் நிறுவாமலேயே கடந்துவிடுவர். அங்கு ஐந்து என்பது "குறையில்லை" என்றும், நான்கு என்பது "ஏதோ குறை உண்டு" என்றும் கொள்ளப்படுகிறது. எனவே இடையில் உள்ள மூன்றும் இரண்டும் குறைவாகவே இடப்படுகின்றன.

சராசரி மறைப்பவை

ஒரே சராசரி இரு வேறு நிலைகளைக் குறிக்கக்கூடும். நூறு பேர் மதிப்பிட்ட இரு ஆட்டங்களை எடுத்துக்கொள்வோம்.

* முதல் ஆட்டம்: 60 பேர் ஐந்து நட்சத்திரம், 40 பேர் ஒரு நட்சத்திரம். சராசரி 3.4.
* இரண்டாம் ஆட்டம்: 10 பேர் ஐந்து, 30 பேர் நான்கு, 50 பேர் மூன்று, 10 பேர் இரண்டு. சராசரி 3.4.

இரண்டாவது நடுத்தரமான ஆட்டம். முதலாவது சிலருக்கு மிகவும் பிடித்தது, அல்லது சிலருடைய கருவியில் இயங்காதது, அல்லது சர்ச்சையில் சிக்கியது. சராசரியை மட்டும் பார்ப்பவருக்கு இவ்வேறுபாடு தெரியாது.

இணைய மதிப்பீடுகளில் முதல் வகைப் பங்கீடே மிகுதி. இதன் வரைபடம் ஆங்கில எழுத்தான ஜே போன்று தோன்றுவதால், 2009 இல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரையில் நான் ஹு, பால் பாவ்லூ, ஜீ ஜாங் ஆகியோர் இதனை ஜே வடிவப் பங்கீடு என்று குறிப்பிட்டனர். அவர்கள் கூறிய காரணங்கள் இரண்டு. ஒன்று, ஒரு பொருளை விரும்புபவரே அதனை வாங்குகிறார். இரண்டு, மிகவும் மகிழ்ந்தவரும் மிகவும் வெறுத்தவருமே எழுத முன்வருகின்றனர். "பரவாயில்லை" என்று எண்ணியவர் பெரும்பாலும் எழுதுவதில்லை. அதே ஆண்டில் யூடியூப் தளமும் தன் மதிப்பீடுகளில் ஐந்து நட்சத்திரமே மேலோங்கி நிற்பதை வெளியிட்டது. 2010 இல் நட்சத்திர முறையைக் கைவிட்டது.

மதிப்பிட்டோரின் எண்ணிக்கையும் முக்கியமானது. நான்கு பேர் மட்டும் விளையாடி நால்வரும் பரிந்துரைத்த ஆட்டம் 100 விழுக்காடு பெறும். ஆயிரம் பேரில் 920 பேர் பரிந்துரைத்த ஆட்டம் 92 விழுக்காடே பெறும். எட்வின் வில்சன் 1927 இல் தந்த புள்ளியியல் முறைப்படி, 95 விழுக்காடு நம்பகத்துடன் கணக்கிட்டால், முதலாவதன் கீழ் எல்லை ஏறத்தாழ 51 விழுக்காடு. இரண்டாவதன் கீழ் எல்லை ஏறத்தாழ 90 விழுக்காடு.

காலமும் இடமும்

ஆட்டங்கள் வெளியான பின்னரும் திருத்தப்படுகின்றன. தொடக்கத்தில் வழுக்களால் பெற்ற ஒரு நட்சத்திரங்கள், அவ்வழுக்கள் நீங்கிய பின்னும் சராசரியில் தங்கிவிடும். இதனால் 2019 முதல் கூகிள் பிளே அண்மைய மதிப்பீடுகளுக்குக் கூடுதல் எடை தருகிறது. 2021 நவம்பர் முதல் அந்தந்த நாட்டுப் பயனரின் மதிப்பீடே திறன்பேசியில் காட்டப்படுகிறது. எனவே திருநெல்வேலியில் இருந்து பார்ப்பவருக்கும் யாழ்ப்பாணத்தில் இருந்து பார்ப்பவருக்கும் ஒரே ஆட்டம் வெவ்வேறு எண்களுடன் தோன்றலாம். நினைவகம் குறைந்த திறன்பேசிகளில் ஆட்டம் தடைப்பட்டால், அதற்கான ஒரு நட்சத்திரமும் ஆட்டத்தின் கணக்கிலேயே சேரும்.

மதிப்பீட்டைக் கேட்கும் நேரமும் எண்ணை மாற்றுகிறது. வெற்றி பெற்றவுடன் கேட்டால் கூடுதல் நட்சத்திரம் கிடைக்கும் என்பதால், பல ஆட்டங்கள் அந்நேரத்தில் கேட்குமாறு அமைக்கப்படுகின்றன. 2017 முதல் ஆப்பிள் இவ்வேண்டுகோளை ஓர் ஆண்டுக்கு மூன்று முறைக்கு மிகாமல் கட்டுப்படுத்தியுள்ளது.

இந்தியாவில்

செப்டம்பர் 2, 2020 அன்று பப்ஜி மொபைல் ஆட்டத்தை இந்திய அரசு தடை செய்தது. இரு நாள்களுக்குப் பின் பெங்களூரைச் சேர்ந்த என்கோர் கேம்ஸ் நிறுவனத்தின் ஃபௌ-ஜி அறிவிக்கப்பட்டது. நடிகர் அட்சய் குமார் இதனை விளம்பரப்படுத்தினார். தடை செய்யப்பட்ட ஆட்டத்துக்கு இதுவே மாற்று என்று பலர் எதிர்பார்த்தனர். சனவரி 26, 2021 அன்று வெளியானபோது, அது கல்வான் பள்ளத்தாக்கைக் களமாகக் கொண்டு ஒருவர் தனித்து விளையாடும் ஆட்டமாக இருந்தது. பலர் ஒரே களத்தில் மோதும் வசதி அப்போது இல்லை. தொடக்கத்தில் 4.7 என்ற அளவில் இருந்த மதிப்பீடு சில நாள்களில் ஏறத்தாழ 3 ஆகக் குறைந்தது. ஐந்து இட்டவருள் நாட்டுப்பற்றால் இட்டவரும், ஒன்று இட்டவருள் பப்ஜி போன்று இல்லையே என்னும் ஏமாற்றத்தால் இட்டவரும் பலர். சலிப்பூட்டும் ஆட்டமுறை, வழுக்கள் ஆகியவற்றைச் சுட்டிய குறைகளும் இடம்பெற்றன. இம்மூன்றும் ஒரே சராசரியில் அடங்கின.

ஆட்டம் அல்லாத செயலிகளிலும் இது நிகழ்ந்துள்ளது. ஏப்ரல் 2017 இல் சினாப்சாட் நிறுவனத் தலைவர் இந்தியாவை ஏழை நாடு என்று கூறியதாகச் செய்தி பரவியது. நிறுவனம் அதனை மறுத்தது. சினமுற்ற பயனர்கள் சினாப்சாட் செயலிக்கு ஒரு நட்சத்திரம் இட்டனர். சிலர் பெயர்க் குழப்பத்தால், அதனுடன் தொடர்பற்ற சினாப்டீல் அங்காடிச் செயலிக்கும் ஒரு நட்சத்திரம் இட்டனர்.

வெண்பா ஆட்டம்

கனடாவின் டொராண்டோ நகரைச் சேர்ந்த விசை கேம்ஸ் நிறுவனம் வெண்பா என்னும் ஆட்டத்தைச் சூலை 31, 2023 அன்று வெளியிட்டது. 1980களில் கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பம் ஒன்றின் கதை இது. சிதைந்துபோன சமையல் குறிப்பேட்டைக் கொண்டு இட்லி, புட்டு முதலிய உணவுகளைச் சமைப்பதே ஆட்டமுறை. 2024 இல் இது சிறந்த அறிமுக ஆட்டத்துக்கான பாஃப்டா விருதைப் பெற்றது.

இதனை ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். ஸ்டீம் மதிப்புரைகளின் அருகே எழுதியவர் விளையாடிய நேரம் காட்டப்படும். பெரிய ஆட்டமொன்றில் 1.5 மணி என்றிருந்தால் எழுதியவர் தொடக்கத்தைக்கூடத் தாண்டவில்லை எனக் கொள்ளலாம். வெண்பாவில் அதே எண், அவர் கதையை முழுவதும் முடித்தவர் என்பதைக் காட்டும். விலைக்கு ஏற்ற நேரம் இல்லை எனக் குறை கூறுபவரும், கதை மனத்தைத் தொட்டது எனப் பாராட்டுபவரும் ஒரே ஆட்டத்தையே மதிப்பிடுகின்றனர், அளவுகோல்தான் வேறு.

மதிப்புரைத் தாக்குதல்

பலர் ஒரே நேரத்தில் திரண்டு மிகக் குறைந்த மதிப்பீடு இடுவது மதிப்புரைத் தாக்குதல் எனப்படும். இதனை எதிர்கொள்ளத் தளங்கள் பல வழிகளைக் கையாள்கின்றன.

* 2017 இல் ஸ்டீம், மதிப்புரைகள் நாள்தோறும் எவ்வாறு மாறின என்பதைக் காட்டும் வரைபடத்தைச் சேர்த்தது.
* 2019 இல் அத்தளம், ஆட்டத்துக்குத் தொடர்பில்லாத திடீர்ப் பெருக்கங்களைக் கணக்கிலிருந்து விலக்கத் தொடங்கியது.
* 2020 இல் தி லாஸ்ட் ஆஃப் அஸ் இரண்டாம் பாகம் தாக்கப்பட்ட பின், மெட்டாகிரிட்டிக் தளம் புதிய ஆட்டங்களுக்கு 36 மணி நேரக் காத்திருப்பை விதித்தது.

எனினும் இத்தகைய திரட்சி அனைத்தும் தவறானது அல்ல. மே 2024 இல் எல்டைவர்சு 2 ஆட்டத்தைக் கணினியில் விளையாடுவோரும் பிளேஸ்டேசன் கணக்கை இணைக்க வேண்டும் என்று சோனி அறிவித்தது. அக்கணக்கைத் தொடங்க இயலாத நாடுகளிலும் ஆட்டம் விற்கப்பட்டிருந்தது. இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட எதிர்மறை மதிப்புரைகள் குவிந்தன. சில நாள்களில் சோனி தன் முடிவைத் திரும்பப் பெற்றது. முறையிட வேறு வழி இல்லாத வாங்குநருக்கு இங்கு மதிப்பீடே குரலாக அமைந்தது.

மதிப்பீட்டைப் படிக்கும் முறை

சராசரியுடன் பின்வருவனவற்றையும் சேர்த்து நோக்குவது பயன் தரும்.

* மதிப்பிட்டோரின் எண்ணிக்கை.
* ஐந்து முதல் ஒன்று வரையிலான பங்கீடு.
* மதிப்புரை எழுதப்பட்ட நாளும் ஆட்டத்தின் பதிப்பும்.
* எழுதியவர் விளையாடிய நேரம், அவரது கருவி.
* இரண்டு, மூன்று, நான்கு நட்சத்திர மதிப்புரைகள். நிறையும் குறையும் சேர்த்து எழுதப்படுவது பெரும்பாலும் இவற்றிலேயே.

இவற்றையும் பார்க்க

* நிகழ்பட ஆட்டம்
* சராசரி
* புள்ளியியல்
* திறனாய்வு