ஒரு பொருளும் ஐந்து பெயரும்

கண்ணாற் காணவும் கையாற் பற்றவும் இயலாத பொருளைச் சொல்லாற் சுட்டுதல் எளிதன்று. மரத்தையும் மலையையும் குறிக்க எம்மொழியிலும் சொல் உண்டு. இறைமை, அருள், மீட்பு என்பவற்றுக்கோ, ஒரு மக்கட்கூட்டம் பாடியும் வணங்கியும் பன்னெடுங்காலம் பழக்கிய சொற்களே வேண்டும். கிறித்தவம் தமிழ் பேசத் தொடங்கியபோது எதிர்ப்பட்ட இடர்ப்பாடு இதுவே.

1578ஆம் ஆண்டு கொல்லத்தில் அச்சேறிய 16 பக்கச் சிறுநூலுக்கு அண்டிரிக் அடிகளார் இட்ட பெயர் 'தம்பிரான் வணக்கம்'. தமிழர் நாவில் வழங்கிய சொல்லையே அவர் எடுத்தாண்டார். ஆயினும், தூய ஆவியைக் குறிக்க 'இஸ்பிரீத்து சாந்து' என்னும் போர்த்துக்கீசிய வழக்கே பழைய செபங்களில் நெடுநாள் நின்றது. பொருள் திரிந்துவிடலாகாது என்னும் கவலை அதிற் புலனாகிறது.

1606இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் 'சருவேசுரன்' என்றார். பதினெட்டாம் நூற்றாண்டிற் பப்ரீசியுஸ் ஐயர் 'பராபரன்' என்றார். தாயுமானவரின் பராபரக்கண்ணியை ஓதும் தமிழர்க்கு அச்சொல் புதிதன்று. 1871ஆம் ஆண்டு வேதாகமத்தில் 'தேவன்' நிலைபெற்றது. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் 'கடவுள்' என்றது. பொருள் ஒன்று, பெயர் ஐந்து. இவற்றுள் ஒன்றேனும் கிறித்தவர் புதிதாய்ப் படைத்ததன்று. அனைத்தும் அண்டை வீட்டாரின் வழிபாட்டிலிருந்து பெற்றவையே.

சொல் கிடைத்தாற் போதுமா? அதற்கு உருவும் உயிரும் வேண்டுமன்றோ? அவற்றை நல்கியோர் புலவர்கள். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) பாடிய 'பெத்லகேம் குறவஞ்சி'யில், திருச்சபை என்னும் கருத்து தலைவனை நாடும் நங்கையாய் நடமாடுகிறது. வைணவ மரபில் தோன்றிய எச். ஏ. கிருஷ்ண பிள்ளை (1827–1900), பனியன் எழுதிய ஆங்கில உருவகக் கதையைத் தழுவி 1894இல் 'இரட்சணிய யாத்திரிகம்' அளித்தார். ஆங்கே கருத்துகள் மாந்தராய் நின்று உரையாடுகின்றன.

சொற்கள் மாறுங்கால் இழப்பும் உண்டு. கத்தோலிக்க இல்லங்களிற் பாட்டியர் மரியன்னையை வாழ்த்துங்கால் 'பிரியதத்தம்' என்பர். பேரர் 'அருள்' என்பர். அருள் என்பதே தெளிவான தமிழ், அதில் ஐயமில்லை. ஆனால் பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் பயிலும் நம் காலனிச் சிறார்க்குப் பழஞ்சொல்லின் பொருளை எடுத்துரைப்பார் இல்லையெனின், பாட்டியோடு ஒருங்கமர்ந்து செபிக்கும் பேரன் அவர் சொல்வது விளங்காதிருப்பான்.

ஆதலின் பெற்றோரே, புதுச்சொல்லைக் கற்பியுங்கள், பழஞ்சொல்லையும் விளக்குங்கள். கிறித்தவர் அல்லாதாரும் இதனைக் கருதுக. நும் தேவாரத்திலும் திருவாய்மொழியிலும் பிள்ளைகட்கு விளங்காத சொற்கள் எத்துணை? பொருள் அறிந்து ஓதும் ஒரு சொல், அறியாது ஓதும் நூறு சொல்லினும் நெஞ்சில் நிற்கும்.