வாடகை குடியிருப்பில் எலக்ட்ரிக் வண்டிக்கு சார்ஜிங் பாயிண்ட் வைப்பது எப்படி?

நாகர்கோவில்:

குமரி மாவட்டத்தில் எலக்ட்ரிக் ஸ்கூட்டர், கார் வாங்குபவர்கள் எண்ணிக்கை பெருகி வருகிறது. சொந்த வீடு வைத்திருப்பவர்களுக்கு சார்ஜ் போடுவதில் பெரிய சிக்கல் இல்லை. போர்டிகோவில் ஒரு பிளக் பாயிண்ட் வைத்தால் வேலை முடிந்தது.

ஆனால் வடசேரி, செட்டிகுளம், பார்வதிபுரம், தக்கலை, மார்த்தாண்டம் போன்ற இடங்களில் மாடி குடியிருப்புகளில் வாடகைக்கு இருப்பவர்கள் பாடுதான் திண்டாட்டம். வீடு இருப்பது 2-வது மாடியில், வண்டி நிற்பது தரைத்தள பார்க்கிங்கில். இதனால் சிலர் ஜன்னல் வழியாக ஒயரை கீழே தொங்கவிட்டு, எக்ஸ்டென்ஷன் பாக்சில் இரவு முழுவதும் சார்ஜ் போடுகிறார்கள். இது உயிருக்கே உலை வைக்கும் வேலை. முறைப்படி செய்ய வழி இருக்கிறது. இதுபற்றிய விவரம் வருமாறு:-

வேலூர் தந்த பாடம்

2022-ம் ஆண்டு மார்ச் மாதம் வேலூரில், வீட்டில் இரவு சார்ஜ் போட்டிருந்த எலக்ட்ரிக் ஸ்கூட்டர் தீப்பிடித்து புகை சூழ்ந்ததில் தந்தையும், மகளும் மூச்சுத்திணறி பலியானார்கள். அதே ஆண்டு செப்டம்பர் மாதம் செகந்திராபாத்தில், கீழ்த்தளத்தில் இருந்த எலக்ட்ரிக் ஸ்கூட்டர் ஷோரூமில் தீப்பிடித்தது. புகை மேலே இருந்த லாட்ஜுக்குள் புகுந்ததில் 8 பேர் இறந்தனர்.

இதன்பிறகு பேட்டரி பாதுகாப்புக்கான ஏ.ஐ.எஸ். 156 விதிகளை மத்திய அரசு கடுமையாக்கியது. இவை 2022 டிசம்பர், 2023 மார்ச் என 2 கட்டங்களாக அமலுக்கு வந்தன. பழைய பேட்டரி வண்டி வைத்திருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

நமக்கான பாடம் இதுதான். கீழே புகை வந்தால் மாடியில் இருப்பவர்கள் இறங்க படிக்கட்டு ஒன்றுதான் வழி. எனவே படிக்கட்டுக்கு அடியிலும், மீட்டர் போர்டு பக்கத்திலும் சார்ஜிங் பாயிண்ட் வைக்கவே கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

வீட்டில் இருக்கும் மின் இணைப்பிலேயே வண்டிக்கு சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்று மத்திய மின்துறை அமைச்சகம் 2022 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறையில் தெளிவாக கூறியுள்ளது. இதற்கு லைசென்ஸ் எதுவும் தேவை இல்லை.

2024 பிப்ரவரியில் மின் நுகர்வோர் உரிமை விதிகளில் மத்திய அரசு செய்த திருத்தத்தின்படி, விரும்புகிறவர்கள் வண்டி சார்ஜ் போடுவதற்கென்றே தனி மின் இணைப்பும் கேட்கலாம். வாடகைதாரர் விண்ணப்பிக்கும்போது வீட்டு உரிமையாளரின் சம்மதக் கடிதத்தை கையில் வைத்திருப்பது நல்லது.

2019-ல் மாதிரி கட்டிட விதிகளில் செய்யப்பட்ட திருத்தம், புதிய கட்டிடங்களின் பார்க்கிங்கில் 20 சதவீத இடத்தில் சார்ஜிங் வசதிக்கு ஏற்பாடு இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் நம்மூரில் வாடகைக்கு விடப்படும் கட்டிடங்களில் பெரும்பாலானவை அதற்கு முன்பே கட்டப்பட்டவை.

ஜெர்மனியில் 2020 டிசம்பர் முதல், சார்ஜிங் வசதிக்கு அனுமதி கேட்கும் உரிமை வாடகைதாரருக்கு சட்டப்படி உண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியாவிலும் 2015 முதல் இதுபோன்ற சட்டம் உள்ளது. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த வாடகை சட்டம் சார்ஜிங் பற்றி எதுவும் பேசவில்லை. ஆகவே இங்கே உரிமையாளரின் சம்மதம்தான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. அடுக்குமாடி குடியிருப்பாக இருந்தால் பிளாட் உரிமையாளரிடம் மட்டும் கேட்டால் போதாது. பார்க்கிங் சுவரும், ஒயர் வரும் பாதையும் பொது இடம் என்பதால் சங்கத்தின் அனுமதியும் வேண்டும்.

'பில்லு யாரு கெட்டுவா?'

வீட்டு உரிமையாளர்களின் முதல் கேள்வி 'கரண்டு பில்லு யாரு கெட்டுவா?' என்பதுதான். 2-வது கேள்வி, 'சுவத்த இடிச்சு நாசமாக்கிட்டு போயிட்டா?'. இந்த இரண்டுக்கும் பதிலை தயாராக வைத்துக்கொண்டு பேசினால் பாதி வேலை முடிந்த மாதிரி.

முதல் கேள்விக்கு பதில், உங்கள் வீட்டு மீட்டரில் இருந்தே தனி ஒயர் இழுப்பது. மீட்டர் போர்டு பெரும்பாலும் தரைத்தளத்தில்தான் இருக்கும். அங்கிருந்து பார்க்கிங்குக்கு ஒயர் கொண்டு போவது எளிது. மாடியில் இருந்து இறக்க வேண்டியதில்லை. யூனிட் உங்கள் மீட்டரில் ஓடுவதால் தகராறுக்கே இடம் இல்லை.

பல வீடுகளுக்கு சேர்த்து ஒரே இணைப்பு இருந்தால், சார்ஜிங் பாயிண்டுக்கு மட்டும் தனியாக ஒரு சப்-மீட்டர் வைக்க வேண்டும். மாதம்தோறும் ரீடிங்கை இரண்டு பேரும் சேர்ந்து பார்த்து எழுதிக்கொள்ளலாம். தண்ணி மோட்டார், படிக்கட்டு லைட் ஆகியவற்றுக்கான பொது இணைப்பில் இருந்து எடுக்காதீர்கள். அக்கம்பக்கத்து வீட்டார் சண்டைக்கு வருவார்கள்.

பில் எவ்வளவு எகிறும்?

3 யூனிட் கொள்ளளவு உள்ள ஸ்கூட்டருக்கு, வீணாவதையும் சேர்த்து ஒரு முழு சார்ஜுக்கு சுமார் 3½ யூனிட் செலவாகும். ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டால் 2 மாதத்துக்கு ஏறத்தாழ 100 யூனிட். கார் மாதம் 1,000 கிலோ மீட்டர் ஓடினால் 2 மாதத்துக்கு சுமார் 300 யூனிட் ஆகும்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. 2022 செப்டம்பரில் வந்த கட்டண முறையை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். அதன்படி 250 யூனிட் ஓடும் வீட்டுக்கு பில் 450 ரூபாய். ஸ்கூட்டர் சேர்ந்து 350 யூனிட் ஆனால் 900 ரூபாய். கார் சேர்ந்து 550 யூனிட் ஆனால் 2,350 ரூபாய். 500 யூனிட்டை தாண்டியதும் சலுகை விலை பறிபோய், கூடுதல் யூனிட்டுக்கு 8 ரூபாய் விழுந்ததே காரணம். பின்னர் கட்டணங்கள் மாறியிருப்பதால், கார் வாங்கும் முன்பு அப்போதைய கட்டணத்தை பார்த்து ஒருமுறை கணக்கு போட்டுக்கொள்ளுங்கள்.

ஒயரிங் வேலையில் கவனம்

ஸ்கூட்டர் சார்ஜர் பெரும்பாலும் 1 கிலோவாட்டுக்குள்தான் இழுக்கும். காருக்கு 16 ஆம்பியர் பிளக்கில் போட்டால் சுமார் 3 கிலோவாட். சுவரில் மாட்டும் பெரிய சார்ஜர் என்றால் 7 கிலோவாட்டுக்கு மேல் போகும். உங்கள் இணைப்பின் லோடு இதை தாங்குமா என்று மின்வாரிய பிரிவு அலுவலகத்தில் முதலில் கேளுங்கள். லோடை கூட்ட வேண்டியிருந்தால் விண்ணப்பித்து கூட்டிய பிறகே சார்ஜரை மாட்ட வேண்டும்.

லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்து வேலை செய்யுங்கள். லைட், பேன் ஓடும் ஒயரில் இருந்து கிளை எடுக்கக்கூடாது. தனி செம்பு ஒயர், தனி எம்.சி.பி., 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஆகிய மூன்றும் கட்டாயம் வேண்டும். பழைய கட்டிடங்களில் எர்த் பெயருக்குத்தான் இருக்கும். சோதித்துப் பார்த்து, தேவைப்பட்டால் புதிதாக போட வேண்டும்.

குமரிக்கு இரண்டு பருவமழையும் உண்டு. 2021 நவம்பர் வெள்ளத்தில் மாவட்டத்தின் பல பகுதிகளில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததை மறந்திருக்க முடியாது. எனவே பிளக் பாயிண்டை தண்ணீர் எட்டாத உயரத்தில், மூடி போட்ட பாக்சுக்குள் வைக்க வேண்டும். குளச்சல், மணக்குடி போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றில் பிளக் முனைகள் சீக்கிரம் துருப்பிடிக்கும். அவ்வப்போது பார்த்து மாற்றுங்கள். பார்க்கிங்கில் தண்ணீர் தேங்கினால் சார்ஜ் போடாதீர்கள்.

எழுத்தில் வாங்குங்கள்

'ஓனர் சரின்னு சொல்லிட்டாரு' என்று வாய் வார்த்தையை நம்பி பணத்தை போடக்கூடாது. வாடகை ஒப்பந்தத்திலோ, தனி கடிதத்திலோ கீழ்க்கண்டவற்றை எழுதி இருவரும் கையெழுத்து போட வேண்டும்.

1. எந்த இடத்தில், எத்தனை கிலோவாட் பாயிண்ட்.

2. எந்த மீட்டரில் இருந்து கரண்ட், பில் யார் கட்டுவது.

3. ஒயரிங் செலவு யாருடையது.

4. வீட்டை காலி செய்யும்போது சார்ஜரை கழற்றி எடுத்துப் போகலாமா, விட்டுப் போனால் எவ்வளவு கழிவு.

5. சுவரை பழையபடி சரி செய்து கொடுக்கும் பொறுப்பு.

6. பழுது ஏற்பட்டால் யார் பார்ப்பது.

உரிமையாளருக்கும் இதில் லாபம் உண்டு. சார்ஜிங் வசதி உள்ள வீடு என்றால் அடுத்து வாடகைக்கு வருபவர்களும் விரும்பி வருவார்கள். ஒருமுறை ஒயரிங் செய்துவிட்டால் கட்டிடத்துக்கே அது சொத்து.

சம்மதிக்காவிட்டால்?

கட்டாயப்படுத்த முடியாது. ஸ்கூட்டர் வாங்குபவர்கள் பேட்டரியை கழற்றி மாடிக்கு கொண்டுபோகும் வகை வண்டியை பார்க்கலாம். ஆனால் அதையும் படுக்கை அறையிலோ, வாசல் கதவை அடைத்தபடியோ வைத்து சார்ஜ் போடக்கூடாது. வேலை பார்க்கும் இடத்தில் அனுமதி வாங்கி பகலில் போடலாம். அவசரத்துக்கு பொது சார்ஜிங் நிலையங்கள் உள்ளன. சார்ஜிங் தகராறில் வீட்டின் கரண்டையோ, தண்ணீரையோ உரிமையாளர் துண்டித்தால், வாடகை சட்டப்படி வாடகை அதிகாரியிடம் புகார் செய்யலாம்.

வண்டிக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே உரிமையாளரிடம் பேசிவிடுவது புத்திசாலித்தனம். 'வாங்கிட்டு பாத்துக்கலாம்' என்று இருந்தால் ஒயர் ஜன்னலில்தான் தொங்கும். மின் இணைப்பு தொடர்பான சந்தேகங்களுக்கு மின்வாரியத்தின் 'மின்னகம்' சேவை மையத்தை 94987 94987 என்ற எண்ணில் தொடர்பு கொள்ளலாம்.