கம்பளி, பொலித்தீன், ஒரு கடன் கணக்கு

வெலிமடைப் பக்கம் ஆடி, ஆவணியில கச்சான் காத்து மலையைக் காயப்போட்டுட்டுப் போகும். ஐப்பசி பொறந்துட்டா கதையே வேற. தை வரைக்கும் மழை, பனிமூட்டம், குளிர். அந்த நாட்கள்ல காலையில பெரட்டுக்குப் போற பொம்பளைங்களைப் பாருங்க. இடுப்புல படங்கு, தலையிலிருந்து முதுகு வரைக்கும் ஒரு பொலித்தீன், அதுக்கு மேல கூடைக் கயிறு. அந்தப் பொலித்தீனுக்குப் பின்னால ஒரு வரலாறு இருக்கு.

"மலையகம் 200" என்று 2023இல் நினைவுகூர்ந்தோமே, அந்தக் கணக்கு 1823இல் தொடங்குகிறது. கம்பளைக்குப் பக்கத்தில் ஜார்ஜ் பேர்டின் கோப்பித் தோட்டத்துக்கு நம் ஆட்கள் வந்ததாகச் சொல்லப்படும் காலம் அது. அதே 1823இல்தான் ஸ்கொட்லாந்துக்காரரான சார்ல்ஸ் மக்கின்டொஷ் மழைத்துணி ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார். நாப்தாவில் ரப்பரைக் கரைத்து, இரண்டு துணிகளுக்கு நடுவே பூசி ஒட்டுவது அவருடைய முறை. தண்ணீர் உள்ளே வராது. அதுவரை மாலுமிகள் ஆளிவிதை எண்ணெய் பூசிய துணியைத்தான் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

நமக்குக் கிடைத்தது கம்பளி. முரட்டு ஆட்டுமயிரில் நெய்தது. தமிழ்நாட்டுச் சமவெளியின் வெயிலுக்குப் பழகிய உடம்பு, ஒரு மெல்லிய துணியோடு மலைக்குளிருக்கு ஏறியது. அந்த உடம்புக்கும் மழைக்கும் நடுவில் இருந்தது அந்தக் கம்பளி மட்டும்தான். அதை மடித்துத் தலையில் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு வேலை செய்தார்கள். துரைமார் அந்தச் சொல்லையே ஆங்கிலத்துக்குள் எடுத்து "கம்ப்ளி" என்று எழுதினார்கள்.

ஆனா அது சும்மா கிடைக்கல. வழிச்செலவு, அரிசி, கம்பளி எல்லாமே முன்பணக் கணக்கில் ஏறியது. கங்காணி வழியாக வந்த அந்தக் கடன் தீராமல் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக முடியாது. இவ்வளவு கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடுகிறேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டுக்குப் பெயர் "துண்டு". அந்த முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. குளிருக்குப் போர்த்திய கம்பளியே ஆளைக் கட்டிவைக்கிற கயிற்றில் ஓர் இழையாகவும் இருந்திருக்கிறது.

கம்பளி மட்டமான பொருள் இல்லை. ஆட்டுமயிர் தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை இழுத்துக்கொண்டாலும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. நனைந்தும் கொஞ்சம் சூடு தரும், வியர்வை ஆவியையும் வெளியே விடும். நாள் முழுக்க மழை அடித்தால் மட்டும் அது தண்ணீரைக் குடித்துக் கனத்துப்போகும். அந்தக் கனத்தோடுதான் கூடையும் சேர்ந்து மலை ஏறியது.

பொலித்தீன் இதுக்கு நேர் எதிர். மழை உள்ள வராது, வியர்வையும் வெளிய போகாது. ஏத்தத்துல பத்து நிமிஷம் நடந்தா உள்ளே முதுகு நனைஞ்சிரும். நின்னா அந்த ஈரமே குளிரா மாறும். மக்கின்டொஷின் கோட்டிலும் இதே குறைதான். கடலில் கயிறு இழுக்கும் பாய்க்கப்பல்காரருக்கும் இதே பிரச்சினைதான்: வெளியே அலை, உள்ளே வியர்வை.

இதற்கு விடை 1969இல் அமெரிக்காவில் கிடைத்தது. பொப் கோர் என்பவர் டெஃப்லோன் கம்பியைச் சூடாக்கி வெடுக்கென்று இழுத்தபோது அது அறுந்துபோகாமல் நுண்துளைகளோடு நீண்டது. நீர்த்துளி நுழைய முடியாத, ஆனால் நீராவி போகக்கூடிய அளவு துளைகள். அதுதான் கோர்டெக்ஸ். 1976இல் சந்தைக்கு வந்தது. இன்று பாய்க்கப்பல் ஓட்டுகிறவர் கடை கடையாக ஏறி, எத்தனை அடுக்கு, தையல் ஒட்டப்பட்டிருக்கிறதா, எவ்வளவு ஆவி வெளியேறும் என்று விசாரித்து வாங்குகிறார்.

இன்னொரு ரப்பர் கதையும் உண்டு. அதற்குச் சரியாக நூறு வருடம் முன்னால், 1876இல், பிரேசில் விதையிலிருந்து முளைத்த ரப்பர் கன்றுகள் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து கம்பஹாவின் ஹேனரத்கொடைக்கு வந்தன. பின்னாளில் நம் ஆட்களும் ரப்பர் மரத்தில் பால் வெட்டினார்கள். மழைக்கோட்டுக்கு வேண்டிய பாலை எடுத்த கை, மழையில் கம்பளிக்குள்தான் இருந்தது.

ஆக, தொழில்நுட்பம் இல்லாமல் நாம் நனையவில்லை. 1823இலேயே ஒன்று இருந்தது, 1976இல் அதைவிட நல்லது வந்தது. நமக்கு இல்லாமல் இருந்தது தெரிவு. கப்பல்காரர் தன் மழைத்துணியைத் தானே தேர்ந்தெடுக்கிறார். கொழுந்து எடுக்கிறவளிடம் "உனக்கு எது தோதுப்படும்?" என்று கேட்டவர் யார்? கவ்வாத்துக் கத்தியைப் போல மழைத்துணியும் வேலைக் கருவிதான். சம்பளப் பேச்சு நடக்கும்போது இதையும் மேசையில் வைக்க வேண்டும்.

அதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேலை. வீட்டுல பழைய கம்பளி இருந்தா தூக்கி எறியாதீங்க. ஒரு தடவை காய்ஞ்சபடி நிறுத்துப் பாருங்க, நனைச்சு இன்னொரு தடவை நிறுத்துப் பாருங்க. பாட்டிகிட்ட அதை எத்தனை வருஷம் போட்டாங்க, அதுக்குக் காசு பிடிச்சாங்களான்னு கேட்டு எழுதி வைங்க.